சாவிக்கொத்தைப் பற்றி உமைமாவிடம் சொல்லாதே

அஜீசு,

நீ எழுந்திருக்கறதுக்குள்ள கிளம்பிட்டேன். ஆறு வருஷமா வராத வலிப்பு நேத்து டோல்கேட் கோடவுனில் வந்துடுச்சு. சுத்தி நின்னவங்க என் கையில சாவிக்கொத்தைத் திணிச்சாங்களாம். உள்ளங்கைக் காயம் அதுதான். கதவுல மாட்டினதுன்னு உன்கிட்ட சொன்னது பொய். இப்போ ஸ்கேனுக்குப் போறேன்.

நம்ம பொண்ணு உமைமாவுக்குத் தெரியவே கூடாது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவள் காலேஜை முடிவு பண்ணணும். புனேன்னா மூணு வருஷமும் மூளை, நரம்புப் படிப்பு. இங்கேன்னா உயிரியல், அதுல மூளைக்கு ஒரே ஒரு பேப்பர். நான் விழுந்தது தெரிஞ்சா இங்கேயே இருந்துடுவாள். வலிப்பை விட எனக்கு அந்தப் பயம்தான்.

"பொட்டப்புள்ளய அம்மாந்தூரம் அனுப்பிட்டு நான் இன்னா பண்றது"ன்னு கேட்டியே, வந்து பதில் சொல்றேன்.

வஞ்சிரம் ஃப்ரிட்ஜில். இந்தச் சீட்டை டீத்தூள் டப்பாவுக்கு அடியில வெக்கிறேன், அவள் அந்தப் பக்கமே வர மாட்டாள். படிச்சதும் கிழிச்சுடு.

சௌக்கத்

அத்தா, இன்னிக்கு டீ நான்தான் போட்டேன். புனேக்கே ஓகே குடுத்துட்டேன். இனிமே கையில சாவி திணிக்க விடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, எத்தனை நிமிஷம்னு பார்க்கச் சொல்லுங்க. எனக்கும் பயமாத்தான் கீது.
உமைமா