எறியச் சொன்ன மீன்சாறு

அக்கா,

பல்லரோச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் இன்று ஒரு போத்தல் விழுந்து உடைந்து, மீன்சாறு நிலமெல்லாம் சிந்திவிட்டது. கடைக்காரன் மூக்கைப் பொத்தினான். எனக்கோ நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த அந்த வெள்ளைக்காரனின் சாப்பாட்டு மேசை முன்னால் வந்து நின்றது.

பிரிட்டிஷ் தூதரக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இங்கே கடற்கரையோரம் வீடு வாங்கியிருந்தான். நீங்கள் சமையல், நான் துப்புரவு. அடுத்த கிழமை உங்களோடு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்கு வந்து, தன்னிடம் வேலை செய்கிறீர்கள் என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கிடைத்தால் மன்னாரில் விட்டுவந்த மகளைக் கூப்பிடலாம். அதற்காகவே அவனுடைய நாயின் பீயைக்கூட முகம் சுளிக்காமல் அள்ளினீர்கள்.

அன்றைய விருந்தாளி ஒரு வியட்நாம் அதிகாரி. தன் ஊரில் மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கும் மீன்சாறு ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தான். முகர்ந்து பார்த்து "அற்புதம்" என்ற வெள்ளைக்காரன், குசினிக்குள் வந்து, "இந்த நாற்றத்தை வெளியே எறி" என்றான். கருவாட்டு வாசத்தில் வளர்ந்த நீங்கள் அதை எறியாமல் உங்கள் பைக்குள் வைத்தீர்கள்.

மேசையில் கதை ஹொங்கொங் முகாம்களுக்குப் போனது. வள்ளங்களில் தப்பி வந்த வியட்நாம் சனத்தைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசுகளும் உடன்பட்டுவிட்டனவாம். மறுப்பவர்களைப் பிடித்து விமானத்தில் ஏற்றலாமாம். இனி இரு நாட்டு உறவும் நன்றாயிருக்கும் என்று கிண்ணம் தூக்கினார்கள். சீ! கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்த இரண்டு பேர் பக்கத்திலேயே நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மீன் தட்டோடு வந்த நீங்கள் அப்படியே நின்றீர்கள். நீங்களும் வள்ளத்தில் இந்தியக் கரைக்குப் போனவர்தானே. அங்கே முகாமிலிருந்து ஊருக்குத் திருப்பி ஏற்றப்பட்ட உங்கள் தம்பி, போனவன் போனவன்தான்.

ஆங்கிலத்திலேயே கேட்டீர்கள்: "அந்தச் சனத்தை யாராவது கேட்டீர்களா?"

வியட்நாம்காரன் தன் தட்டைப் பார்த்தான். வெள்ளைக்காரன் சிரித்தபடி, "மீன் ஆறுகிறது" என்றான்.

குசினிக்குள் உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "அக்கா, ஒரு கிழமைதானே! வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோவன்."

"என்னாலை ஏலாது பிள்ளை. உவங்களுக்கு இனி ஒரு வாய் சோறு போட்டாலும் என்ரை கை அழுகிப்போம்."

ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு, பையோடு நடந்தீர்கள்.

அவன் குவெஸ்தூராவுக்கு வரவில்லை. வருவானா, கோதாரியில் போவான்! நீங்கள் கபோ சந்தையில் மீன் வெட்டினீர்கள். வேலைக்கு வேறு வீடு தேடித் திரிந்தீர்கள். பெர்மெஸ்ஸோ கிடைக்கமுன் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர்கள். உங்களைப் புதைத்த பிறகுதான், ஏஜென்சிக்காரனைப் பிடித்து உங்கள் மகளை இங்கே எடுப்பிக்க என்னால் முடிந்தது.

இன்று அந்தச் சாறு ஒரு போத்தல் வாங்கிவந்து சொதிக்குள் விட்டேன். இதென்ன மணம் என்று உங்கள் மகள் கேட்டாள். இதுவரை சொல்லாததை எல்லாம் சொன்னேன். கரண்டியைத் தூக்கி எறிந்தாள்.

"அம்மா வாயை மூடியிருந்தால் நான் அவவைக் கண்டிருப்பன், அன்ரி! ஆரோ முகம் தெரியாத சனத்துக்காக..."

அழுதாள். அவளுடைய கோபம் நியாயமானது, அக்கா.

கனநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, சொதியை இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். பாதியில் தலையை நிமிர்த்தினாள்.

"பிறகெண்டாலும் அந்தச் சனத்தை ஆராவது கேட்டவையோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"சீ, என்ன மனிசர்!" என்றாள். அச்சொட்டாக உங்கள் குரல்.

மிச்சச் சாற்றை இறுக்க மூடி அலுமாரியில் வைத்திருக்கிறேன், அக்கா. எறிய மாட்டேன்.