இனியன், செஞ்சி

ஜூன் 9
நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்து மார்க்‌ஷீட் காப்பிதான். என்னோடு பத்தாவது வரை படித்த ஜெயஸ்ரீயும் வந்தாள், காலேஜ் சேர. "இங்கயா இருக்க?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

ஜூன் 11
நான் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த நாலு ராப் பாடகர்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். குழுவுக்குப் பேர் 'நாலுகால்'. முதல் ஆல்பம் 'கரம்பு'. அதில் கடைசிப் பாட்டுக்கு யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர்ப் பேச்சில் எட்டு வரி அனுப்பலாமாம்.
அனுப்பலாமா? பொண்ணு கையில் போன் கூடாது என்பது நைனாவின் சட்டம். இனியன் அண்ணன் குளிக்கிற பத்து நிமிஷம்தான் அவன் போன் எனக்கு.

ஜூன் 14
அனுப்பிவிட்டேன். நம்பர் அண்ணனுடையது, பேரும் அவனுடையதுதான் போகும்.

ஊரு மார்க்‌ஷீட்டு எல்லாம் சூடா என் கையில
என் மார்க்‌ஷீட்டு மட்டும் மடிச்சி அரிசிப் பையில

இப்படி ஆரம்பம். மீதி ஆறு வரியை இங்கேகூட எழுத மாட்டேன்.

ஜூலை 6
ஒன்றும் வரவில்லை.

ஜூலை 20
மத்தியானம் எல்லாரும் சாப்பிடும்போது அண்ணனுக்கு போன். "எட்டு வரியா? இன்னா சார் சொல்றீங்க?" என்றவன் என் பக்கம் திரும்பி, "நீ எழுதுனியா?" என்றான்.
நைனா சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார்.
இல்லை என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டுனேன்? வாயக்கூட தொறக்கல. தல தானா ஆடிச்சி.
அண்ணன் நைனாவைப் பார்த்தான். "நான்தான் சார் எழுதுனேன்" என்று போனில் சொன்னான்.
என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். தெரியும்.

ஆகஸ்ட் 22
ஆல்பம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கும் அதுதான். என் வரிகளைக் கரகரப்பான ஆம்பளைக் குரல் பாடுது. நல்லாத்தான் இருக்குது — அதத்தான் தாங்க முடியல.
பேரை அண்ணன் காட்டினான். 'வரிகள்: இனியன், செஞ்சி.'
அண்ணன் வண்டி ஓட்டுகிற லோடு ஆட்டோ ஸ்டாண்டில் அவனைத் தூக்கிச் சுற்றினார்களாம். கூட ஓட்டுகிற செல்லப்பன் மட்டும், "ஏன்டா, நீ எட்டாவது பெயிலாச்சே, உனக்கேதுடா மார்க்‌ஷீட்டு?" என்று கேட்டாராம். அண்ணன் சிரித்துச் சமாளித்திருக்கிறான்.

ஆகஸ்ட் 23
"நைனாகிட்ட சொல்லிடட்டா?" என்று அண்ணன் கேட்டான்.
"போன ஒடச்சிடும்."
"அப்ப சும்மா இரு" என்றான். கோபமில்லை. நிம்மதி மாதிரி இருந்தது.

செப்டம்பர் 7
சென்னையில் ஆல்பம் விழா. அண்ணன் மேடை ஏறினான். எட்டாவது பெயில் என்று சொன்னதும், செல்லப்பன் கேட்டதையே அங்கேயும் கேட்டார்களாம். "என் தங்கச்சி கத சார். செஞ்சில ஜெராக்ஸ் கடையில வேல செய்றா. அவ கஷ்டத்தப் பாத்து எழுதுனேன்" என்றானாம். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம்.
நைனா அந்த வீடியோவை ரெண்டு தரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் மேல எம்மாம் பாசம் பாத்தியா" என்றார் என்னிடம்.
எனக்கு ஒரு 'நாலுகால்' டீ-ஷர்ட் வாங்கி வந்திருக்கிறான். ஆம்பளை சைஸ்.

செப்டம்பர் 15
கடைக்கு ஒரு காலேஜ் பொண்ணு வந்தாள். ஸ்காலர்ஷிப்புக்குக் காப்பி எடுக்க. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நீங்கதான அந்தத் தங்கச்சி? உங்க மனசுல இருக்கறத உங்க அண்ணன் எப்படிக்கா அப்படியே எழுதுனாரு?"
தெரியலை என்றேன்.
எத்தனை காப்பி வேணும் என்று கேட்டேன்.