லயத்து அட்ரஸ்

14.7.2006, வெள்ளி

லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் ஹட்டனுக்கு வந்து, கொழும்புப் பள்ளிக்கூட வேலைக்கு என் இன்டர்நெட் கடையிலிருந்து விண்ணப்பம் அனுப்பினார். மெயில் உடனே திரும்பி வந்துவிட்டது. அனுப்பிய ஐபி அட்ரஸ் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதாம். அது என் கடை இணைப்பின் எண். மாறாத எண்ணுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமே என்று, நான்தான் மாறிக்கொண்டே இருக்கும் எண்ணில் ஓட்டுகிறேன். இதே எண் முன்பு யாரிடம் இருந்ததோ, அவன் ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பியிருக்கிறான்.

கடை நிறைய ஆட்கள். கடையின் பெயர் கெட்டுவிடும் என்று, "அட்ரஸ்ல ஏதோ பிரச்சினை டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "லயத்து அட்ரஸ் போட்டதாலயா தம்பி? அத எடுத்துட்டு ஒங்க கடை அட்ரஸ போட்டுருங்க" என்றார்.

அது இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயரை அழித்துக் கடை அட்ரஸைப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டதும் வேறு எண் கிடைத்தது. மெயில் போய்விட்டது.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? எம் மககிட்டயும் சொல்லி வைக்கணும், இனி எதுலயும் லயத்து அட்ரஸ போடாதன்னு."

நான் தலையாட்டினேன்.

என் அம்மா இப்போதும் லயத்தில்தான் இருக்கிறாள்.