சுற்றிப் பார்க்க வந்தவள்

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. குடைக்கம்பி உடைந்தது. முதுநகரிலிருந்து கலெக்டர் ஆபீஸ், தமிழரசி மனுவோடு. தங்கை மகள். ஏழு மாதமாகக் குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போர்ட்டை வீட்டுக்காரி பூட்டி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் ஐந்து நிமிடம் போன். ஊருக்கு வர வேண்டும் என்று ஒரே அழுகை.

இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்தின் நகல் கொண்டுபோனேன். வேலை செய்கிறவள் கையில்தான் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். கிளார்க் தொடவில்லை.

"பெரியவரே, இது வேலைக்குன்னு பதிஞ்சு போனவங்களுக்கு. உங்க பொண்ணு டூரிஸ்ட் விசா. சுத்திப் பாக்கப் போனவங்களுக்கு ஏது முதலாளி?"

கத்திவிட்டு வந்தேன். எட்டாவது தாண்டாதவன் என்றால் இளக்காரம்.

முப்பது வயது ஆகாத பெண்ணை வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் பதிய மாட்டார்கள். அவளுக்கு இருபத்தாறு. விதியைப் படித்து, டூரிஸ்ட் விசா வழி கண்டுபிடித்தது நான்.

நவ. 5, புதன்
பி.பி. மாத்திரை. குடை ரிப்பேர். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு. கீரப்பாளையத்திலிருந்து தங்கை மல்லிகா வந்தாள்.

"நீ போன மாசம் போட்ட மனுவுக்கு எம்பசிலேருந்து பேசுனாங்கண்ணே. அந்த வூட்டுக்குப் போன் போட்டு இவளையே கேட்டாங்களாம். சுத்திப் பாக்க வந்தேன், ஒரு கொறையும் இல்லன்னுட்டாளாம். ஞாயித்துக்கெழம இன்னொரு தடவ கேப்பாங்களாம். அதே பதில்னா ஃபைல மூடிடுவாங்களாம்."

"பைத்தியமா அவளுக்கு?"

"நீ சொல்லிக் குடுத்ததுதானண்ணே."

இதே பெஞ்சு. தமிழரசி ஏர்போர்ட் கிளம்பிய அன்று. நான் ஆபீசர், அவள் பயணி. பத்துத் தடவை ஒத்திகை. தடுமாறினால் தலையில் குட்டு. "எந்த அதிகாரி கேட்டாலும் இதான். மாத்திச் சொன்னா ஜெயிலு." சிரித்தாள். "நெசமாவே நீங்க ஆபீசரா இருந்தா நான் பிளேனே ஏற மாட்டேன் மாமா."

மல்லிகா டீயைத் தொடவில்லை.

நவ. 6, வியாழன்
புது மனு. மூன்று தாள் கிழித்தாயிற்று. "தவறான ஆலோசனையால்" என்று எழுதி அடித்தேன். யாருடைய ஆலோசனை? அந்த இடத்தைக் காலியாக விட்டேன். விதி போட்டவன் மேல் கோபம் தீரவில்லை. இருபத்தாறு வயதில் பசிக்காதா? ஆனால் குட்டு வைத்த கை அவனுடையது இல்லை.

நவ. 7, வெள்ளி
கீரப்பாளையம். நாலு மணிக்குப் போன். அங்கே பின்னால் பாத்திரச் சத்தம்.

"மறுபடி கேப்பாங்க. வூட்டு வேலைக்கு வந்தேன், பாஸ்போர்ட்டப் பூட்டி வச்சிருக்காங்கன்னு சொல்லு."

குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவா மாமா? இல்ல, இதுவும் பரீட்சையா?"

"நெசம். மாமா சொல்லிக் குடுத்தாருன்னு என் பேரையும் சொல்லு."

"உங்க பேரச் சொல்ல மாட்டேன்."

"சரி, சொல்லு. எதுக்கு வந்தே?"

"சுத்திப்..." நிறுத்தினாள். "வூட்டு வேலைக்கு."

"இன்னொரு தடவ."

லைன் போய்விட்டது.

மனுவில் காலியாக விட்ட இடத்தில் என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம்.