அமலி என்னும் ஃபைல்

பதிவு 1. ஜூன் 3, காலை 6.10
நிலவின் தென்முனை, சுரங்கக் குடில். எழுதுவது அமலோற்பவம், சமையல் வேலை, எட்டாம் வகுப்பு வரை. மற்றவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். மாற்று ஆள் வரும்வரை காவலுக்கு நான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் சூசை வெளியே மண்ணுக்குள் இருக்கிறார். விட்டுப் போக மனம் வரவில்லை.
இங்கே காற்று, சூடு, வெளிச்சம் எல்லாம் கணினியில் ‘நிலா’ என்ற ஒரே கணக்குத்தாளில் ஓடுகிறது. சூசைதான் அதற்கு மேக்ரோ என்னும் குட்டிக் கட்டளைகள் எழுதி, ஒவ்வொரு வேலையையும் ஒரு கீயில் கட்டினார். கன்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் காற்று ஏறும். மூன்று வேளையும் அழுத்த வேண்டும். அழுத்தினேன். காற்றுமானி முள் பச்சையில்.

பதிவு 2. மதியம் 1.00
கே அழுத்தியாயிற்று. முள் பச்சை.
இன்று அவருக்கு முப்பதாம் நாள். ஊரில் என்றால் பூசை வைத்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்போம். இங்கே தீக்குச்சி உரசக் கூடாது. அதனால் அவருடைய பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்தேன். அதற்கு என் பேரைத்தான் வைத்திருக்கிறார், அமலி என்று. திறந்ததும் திரையில் ஒரு பெட்டி வந்தது.
“ஏட்டி அமலி, சாப்ட்டியா?”
கீழே ஆமா, இல்லை என்று இரண்டு பட்டன். அவர் போனதிலிருந்து கஞ்சித் தண்ணிதான். அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. இல்லை என்று அழுத்தினேன். ஃபைல் திறந்தே இருக்கட்டும், அதுதான் மெழுகுவர்த்தி.

பதிவு 3. மாலை 6.20
கே அழுத்தினேன். முள் இறங்கியது. மறுபடி அழுத்தினேன், இன்னும் இறங்கியது. பயத்தில் மூன்றாவது தடவையும் அழுத்திவிட்டேன். சிவப்பு. காது அடைக்கிறது. கணினியில் எழுதவே பயமாயிருக்கிறது. இது சமையல் நோட்டு, பென்சில்.
அவர் கூப்பிடுகிறாரோ.

பதிவு 4. 7.05
பூமியிலிருந்து ரேடியோவில் செய்தி வந்தது.
“அக்கா, தரைநிலையத்துல இருந்து நவீனா. உங்க திரை இங்க தெரியுது, இங்கருந்து மாத்தத்தான் முடியாது. கீயத் தொடாதீங்க. சூசையண்ணன் அந்தப் பழைய ஃபைல்ல அதே கீயிலதான் தூசிக்காத்த வெளிய தள்ற மேக்ரோவக் கட்டியிருக்காரு. ரெண்டு ஃபைலும் தொறந்திருந்தா, பேர் வரிசையில எது முன்னாடியோ அதுதான் ஓடும். அமலி முன்னாடி, நிலா பின்னாடி. அத மூடிட்டு அழுத்துங்க.”
மூடினேன். மெழுகுவர்த்தியை நானே ஊதி அணைத்த மாதிரி இருந்தது.

பதிவு 5. 7.15
கே மேல் விரல் வைக்குமுன் அந்த ஃபைல் தானாகத் திறந்துகொண்டது. நான் தொடவில்லை. அதே பெட்டி, அதே கேள்வி. பெட்டி நிற்கும்போது எந்தக் கீயும் வேலை செய்யவில்லை. இல்லை என்றேன். ஃபைலை மூடினேன். கே அழுத்த விடாமல் உடனே திரும்ப வந்து கேட்டது. செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரேடியோவில் நவீனாவிடம் சொன்னேன்.
“பேய் இல்லக்கா, டைமரு. நீங்க மதியம் இல்லன்னு சொன்னா ராச்சாப்பாட்டு நேரத்துல தானா வந்து விடாம கேக்குற மாதிரி எழுதி வச்சிருக்காரு மனுசன். நல்ல ஆளக் கட்டினீங்க போங்க. அவரு எழுதின அந்த மேக்ரோ எங்கிட்ட இருக்கு, பாக்குறேன். ஆமான்னு அழுத்தினா டைமர் நின்னுரும், ஃபைலும் மூடிக்கும். அப்புறம் கட்டின கீயெல்லாம் அவுக்குது. இருங்க, அமலியோட கீ மட்டுமா, இல்ல நிலாவோட கீயும் சேத்தா… அக்கா, அழுத்திராதீங்க, நான் இன்னொரு தடவ—”
அதோடு சத்தம் நின்றுவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

பதிவு 6. மணி பார்க்கவில்லை
நகம் நீலமாகிறது. நவீனா வரவில்லை. எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.
அமலியின் கீ மட்டும் அவிழ்ந்தால் காற்று ஏற்றலாம். எல்லாம் அவிழ்ந்தால் திரும்பக் கட்ட எனக்குத் தெரியாது. பெட்டி இன்னும் நிற்கிறது. சாப்ட்டியா. சாப்ட்டியா.
சோற்றுப் பொட்டலத்தைக் கிழித்தேன். இறங்கவில்லை. தண்ணீர் விட்டு இறக்கினேன். முழுசும் தின்றுவிட்டேன் மாமா. இது பொய்யில்லை.
ஆமா அழுத்தப் போகிறேன். அப்புறம் கே.
முள் ஏறினால் இதற்குக் கீழே எழுதுகிறேன்.