எந்தப் பிள்ளையின் எலும்பு

துஸ்லா, 9 மார்ச் 2006

அன்பு மகள் ஸும்ராவுக்கு அப்பா எழுதுவது. இறைவன் கருணையால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது. காரணத்தை ஃபோனில் சொல்லத் தைரியம் வரவில்லை, உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை பரிசோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். போன வருடம் எங்கள் விரலில் குத்தி எடுத்த ரத்தம், காட்டில் கிடைத்த ஒரு தொடை எலும்போடு பொருந்திவிட்டதாம். பதினோரு வருடத்துக்கு முன் சண்டையில் காணாமல் போன உன் அண்ணன்மாரில் ஒருவன். எவன் என்று கேட்டேன், அது தெரியாது என்றாள் அங்கிருந்த பெண். ஹாசிமும் ரமிஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், உயரமும் ஒன்று, எங்கள் ரத்தத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாதாம். யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லத் தெரிகிறது, பெயர் சொல்லத் தெரியாதா, இது என்னம்மா விஞ்ஞானம் என்று கத்திவிட்டேன். அவள் கோபப்படாமல் காகிதத்தில் ஒரு முறுக்கு ஏணி வரைந்தாள். பெரியப்பா, இதுதான் டிஎன்ஏ, இது இப்படித்தான் இருக்குன்னு அம்பது வருஷத்துக்கு முன்னாடி கண்டுபிடிக்கலன்னா இதுகூடத் தெரிஞ்சிருக்காது, ஒரு பக்கம் கிடைச்சா அதோட ஜோடி என்னன்னு தெரிஞ்சிடும், அதனாலதான் துளி எலும்புப் பொடியிலேர்ந்து லட்சக்கணக்குல நகல் எடுக்க முடியுது, பாதி அப்பாகிட்டேர்ந்து வரும், பாதி அம்மாகிட்டேர்ந்து வரும், இவங்கள்ல யாருக்காவது பிள்ளை இருக்கா என்று கேட்டாள்.

ரமிஸின் மகள் அல்டியானா உன் தெருவில்தானே இருக்கிறாள். அவள் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் போதும். பொருந்தினால் ரமிஸ், பொருந்தாவிட்டால் ஹாசிம். அவள் அம்மா மெவ்லிதா மறுமணம் செய்துகொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை, அந்த மனிதன் குழந்தையைத் தங்கமாக வளர்க்கிறான். ஆனால் அவன்தான் அப்பா என்று பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறாள். நேற்று ஃபோன் செய்தேன். மாமா, பன்னண்டு வயசுப் புள்ளகிட்ட உங்கப்பா ஒரு எலும்புன்னு நான் எந்த வாயால சொல்லுவேன் என்று அழுதாள். இருந்தாலும் நீ போய்ப் பேசு. நாத்தனார் அதிகாரம் வேண்டாம், உன் வாய் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல கேட்டாங்கன்னு பொய் சொல்லி எடுக்கச் சொல்லுங்க என்கிறாள் உன் அம்மா. அது கூடாது. பிள்ளையை ஏமாற்றி எடுத்த ரத்தத்தில் என் மகனுக்குப் பெயர் வேண்டாம்.

வருடந்தோறும் போல ஜூலையில், கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்து அடக்கம். ஏப்ரலுக்குள் ரத்தம் வந்து சேர வேண்டுமாம், மறந்துவிடாதே. இறைவன் உன் குடும்பத்தைக் காப்பானாக, குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. தொழுதுவிட்டுக் கையேந்தினால், அது ஹாசிமாக இருக்கட்டும் என்று கேட்பதா, ரமிஸாக இருக்கட்டும் என்று கேட்பதா, எனக்குத் தெரியவில்லை அம்மா. ஒன்றும் கேட்காமல் கையை இறக்கிவிடுகிறேன்.

உன் அப்பா,
அவ்தோ