ஒரே ஈயின் மூன்று படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவள் முழங்காலைத் தவிர. நீ நலமா என்று வழக்கமாகக் கேட்பதை இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். போனில் கேட்டால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மாதத்துக்கு ஒன்றாக மூன்று பூச்சிப் படங்கள் அனுப்பினாய், ஒவ்வொரு தடவையும் “இன்னிக்கு ஆபீஸ் தோட்டத்துல எடுத்தேன்பா” என்று. முதல் படத்துக்கே சொன்னேன், இது தேனீ இல்லை, தேனீ வேஷம் போட்ட ஈ, பூவுக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நிற்கும், கொட்டாது, மீசை குட்டை, இறக்கையும் நான்கில்லை இரண்டுதான் என்று. பெரிய கண் இரண்டும் உச்சந்தலையில் ஒட்டியிருந்தால் ஆண், நடுவே இடைவெளி இருந்தால் பெண் என்றும் சொன்னேன். உன் படத்தில் இருந்தது ஆண். இரண்டாவது படத்திலும் ஆண், சரி, இருக்கட்டும் என்று விட்டேன். மூன்றாவதும் ஆண் என்றதும் எனக்கு எங்கேயோ இடித்தது. பூச்சி ஆராய்ச்சிக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் லென்ஸும் கையுமாக இருந்தவன் சும்மா விடுவேனா, மூன்றையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் இடது இறக்கை நுனி கடித்த மாதிரி கிழிந்திருக்கிறது, வயிற்றில் இரண்டாவது மஞ்சள் பட்டை நடுவில் விட்டுப்போயிருக்கிறது. ஒரே ஈ பாப்பா. அது மூன்று மாதம் உன் தோட்டத்தில் உனக்காகக் காத்திருக்காது. ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு மாதாமாதம் அனுப்பியிருக்கிறாய்.

ஏன் என்று யோசித்து யோசித்து சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையோ, யாராவது மிரட்டுகிறார்களோ, ஊரையே மாற்றிவிட்டாயோ என்று புத்தி என்னென்னவோ கணக்குப் போட்டது. போன வாரம் உன் ஆபீசுக்கே போன் செய்தேன். எடுத்த பெண், “அவங்க வேலைய விட்டு மூணு மாசத்துக்கு மேல ஆச்சே, நீங்க யாரு?” என்றாள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் உன் அறைத்தோழியைக் கேட்டேன், அவள் “நல்லா இருக்கா அங்கிள்” என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள், அந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. விடாமல் கேட்டதும் அழுதுவிட்டாள். நீ பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடக்கிறாயாம், அவள் தட்டினால்தான் சாப்பிடுகிறாயாம். அவளைத் திட்டாதே.

அம்மா நேற்று அந்தப் படங்களைப் பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் காட்டி, மூணும் வேற வேறதானே என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். தெரிந்தே தப்பாக அடையாளம் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வேலை போனால் போகிறது, அதை நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். புதன்கிழமை ரயிலில் வருகிறேன், அம்மாவிடம் பழைய சிநேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மனதும் உடம்பும் தேறி நீ நன்றாக இரு தாயே. வேளைக்குச் சாப்பிடு. ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம், நான் தட்டும்போது கதவை மட்டும் திற.

இப்படிக்கு,
உன் அப்பா